வீட்டுப் பட்டறைக்கு ஏர்கோன் பொருத்தும் முறை: முதல் எதிரி ஈரம்

வீட்டில் மரவேலைப் பட்டறை வைத்திருப்பவர்கள் ஏர்கோன் பொருத்த நினைக்கும்போது, பெரும்பாலும் வெப்பத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள். பினாங்கில் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தொடுவது வழக்கம்தான். ஆனால் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் ஈரப்பதம்தான் கருவிகளைத் துருப்பிடிக்க வைத்து, மெராந்திப் பலகையையும் உப்பச் செய்கிறது. ஆகவே ஈரத்தை வெளியேற்றுவதும், அது திரும்ப நுழையாமல் காப்பதுமே நம் முதல் நோக்கமாக இருக்க வேண்டும். தொடர்வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரை போட்டு நீட்டிய, 10 அடிக்கு 20 அடி அளவுள்ள பட்டறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

படி 1: அறையை அடைத்தல்

நம் வீடுகளில் சன்னலுக்கு மேலே காற்றுத் துளைகள் விடுவது பழைய வழக்கம். அவற்றையும், கூரைக்கும் சுவருக்கும் இடையிலான சந்துகளையும் மூடி, கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வெப்பத்தடுப்புப் படலமும் சீலிங்கும் அவசியம். இந்தச் செலவைத் தள்ளிப்போட்டால் மாதந்தோறும் மின்கட்டணமாக அதையே கொடுத்துக்கொண்டிருக்க நேரும்.

படி 2: அளவைத் தேர்ந்தெடுத்தல்

ஏர்கோன் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் வெப்பத்தைப் பி.டி.யூ. என்ற அலகில் குறிப்பார்கள். தோராயமாக, கூரைக்கு வெப்பத்தடுப்பு உள்ள அறையில் ஒரு சதுர அடிக்கு 55 பி.டி.யூ. என்றும், வெயில் நேரே இறங்கும் அறையில் 70 என்றும் கணக்கிடலாம். நம் 200 சதுர அடிப் பட்டறைக்கு அது 11,000 அல்லது 14,000 ஆகும். இயந்திரங்கள் இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் சேர்வதால், ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மணிக்கு 3,412 பி.டி.யூ. கூட்டுங்கள், 1.5 கிலோவாட் மேசை ரம்பம் மணிக்குக் கால் மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1,280 கூடும். ஆக, வெப்பத்தடுப்புள்ள பட்டறைக்கு 12,000 பி.டி.யூ. வகுப்பைச் சேர்ந்த 1.5 குதிரைத்திறன் ஏர்கோன் பொருந்தும். இல்லாததற்கு 2 குதிரைத்திறன் தேவைப்படும்.

"பெரியதாக இருந்தால் நல்லதுதானே" என்று கடையில் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். தேவைக்கு மிஞ்சிய ஏர்கோன் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திவிடும்; ஈரம் நீராகச் சொட்டி வடிவதற்கு வேண்டிய நேரம் குளிர்ச் சுருளுக்குக் கிடைக்காது. வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நெடுநேரம் ஓடும் இன்வெர்ட்டர் வகையே பட்டறைக்கு ஏற்றது.

படி 3: இடம் பார்த்தல்

உட்பகுதியை ரம்பத்துக்கு எதிர்ப்புறச் சுவரில், தூசி கிளம்பும் இடத்திலிருந்து இயன்றவரை தள்ளி மாட்டுங்கள். வெளிப்பகுதி விடும் சூடான காற்று அதற்கே திரும்பி வராதபடி, கையேட்டில் குறித்துள்ள இடைவெளியை விடுங்கள். தஞ்சோங் தோக்கோங் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று தகடுகளை அரித்துவிடுமாதலால், அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 4: மின்னிணைப்பு

ஏர்கோனுக்குத் தனி இணைப்பும் தனி பிரேக்கரும் வேண்டும். நீட்டிப்பு ஒயரில் செருகவே கூடாது. தூசி உறிஞ்சியும் ரம்பமும் வேறு இணைப்பில் இருக்கட்டும். இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒயர்மேனிடமே ஒப்படையுங்கள்.

படி 5: குழாயும் வெற்றிடமும்

இதுவும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலைதான். ஆனாலும் அருகில் நின்று பாருங்கள். செப்புக் குழாய்களை முடுக்கியபின், வெற்றிட பம்பு கொண்டு குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். பிறகு பம்பை நிறுத்தி, அளவியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று சில நிமிடம் கவனிக்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது ஈரம் மிஞ்சியிருக்கிறது. சிலர் பம்பைத் தவிர்த்துவிட்டு, ஏர்கோனிலுள்ள குளிரூட்டும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டே காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். இப்போது பரவலாக வரும் ஆர்32 கேஸ் இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் இந்தக் குறுக்குவழியை நீங்கள் அனுமதிக்கக் கூடாது.

படி 6: வடிகால்

வடிகால் குழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்து செல்ல வேண்டும். பட்டறையில் இது இரட்டிப்பு முக்கியம். நுண்ணிய மரத்தூள், உட்பகுதியில் நீர் சேரும் தட்டிலுள்ள நீரில் கலந்து, பசைபோல் இறுகிக் குழாயின் வாயை அடைத்துவிடும். பிறகு நீர் சுவர் வழியாக இறங்கிக் கருவிகளின் மீது சொட்டும். கழற்றிக் கழுவ வசதியாகக் குழாயில் ஒரு இணைப்பு வைக்கச் சொல்லுங்கள்.

படி 7: பயன்படுத்துதல்

25 அல்லது 26 டிகிரியே போதும். 20 டிகிரிக்கு இறக்கி வேலை செய்துவிட்டு, நண்பகலில் கதவை அகலத் திறந்தால், குளிர்ந்த வார்ப்பிரும்பு மேசையின் மீது பனிபோல் நீர் படியும். விரலால் கோடிழுத்தால் கோடு தெரியும். அந்த நீரை அப்படியே விட்டால் மேசை துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

தூசி உறிஞ்சியின் காற்றை வெளியே விட்டால், குளிர்ந்த காற்றும் அதனோடு போய், வெளியிலுள்ள ஈரக்காற்று சந்துகள் வழியே உள்ளே இழுக்கப்படும். நுண்வடிகட்டி பொருத்தி, காற்றை அறைக்கே திருப்புங்கள். தின்னர், வார்னிஷ் வேலைகளை மட்டும் மூடிய அறைக்குள் செய்யாதீர்கள். ஏர்கோன் அந்த ஆவியை வெளியேற்றாமல் அறைக்குள்ளேயே சுழற்றும். உட்பகுதியின் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

கடைசியாக, விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டுங்கள். 50 முதல் 60 விழுக்காடு நல்ல அளவு. ஒரு மணி நேரம் ஓடிய பின்னும் 65-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், ரிமோட்டை எடுப்பதற்கு முன் கதவடியையும் கூரை ஓரத்தையும் கையால் தடவிக் காற்று வருகிறதா என்று பாருங்கள்.