மெனுவில் தெரியாத பெயரா? துணிந்து ஆர்டர் செய்ய ஒரு வழி

மாலின் ஃபுட் கோர்ட்டில் எல்லாக் கடைப் பலகைகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, கடைசியில் வழக்கமான சிக்கன் பர்கரையும் ஃப்ரைஸையுமே வாங்கிக்கொண்டு உட்காருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். காசு வீணாகிவிடுமோ, பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ, பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுவாரோ என்ற தயக்கம்தான். தயக்கம் நியாயமானது, முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் கொஞ்சம் முறையாகச் செய்தால், புதிதாக வாங்குவதில் பெரும்பாலானவை தேறிவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிய ஐட்டம் ஒன்று பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி சாஸ்தான். பன்னும் சிக்கனும் உருளைக்கிழங்கும் நமக்குப் பழகியவை. அவற்றின் மேல் ஊற்றியிருப்பதுதான் பழகாதது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாருங்கள்.

படி 1: வீட்டிலேயே மெனுவைப் படித்துவிடுங்கள்

கவுன்டருக்கு மேலே ஒளிரும் பலகை விற்பதற்காக வைத்தது. படிப்பதற்கு வசதியாக இருக்காது. கடையின் ஆப்பில் அல்லது இணையதளத்தில் நிதானமாகப் பாருங்கள். டெலிவரி ஆப்பிலும் பார்க்கலாம், ஆனால் அங்கே விலை பெரும்பாலும் கடையில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வாங்க நினைக்கும் ஐட்டத்தின் வரியில் மூன்றைத் தேடுங்கள். ஒன்று, சைவ அசைவக் குறி. சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி முட்டை சேர்ந்தாலும் அசைவக் குறிதான். இரண்டு, கலோரி. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கிலோ கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. சுறுசுறுப்பான ஒரு பெரியவருக்கு நாளுக்குச் சராசரியாக 2000 கிலோ கலோரி தேவை என்ற வரியையும் அங்கேயே பார்க்கலாம். மூன்று, ஒவ்வாமை விவரம். வேர்க்கடலை, பால், முட்டை, சோயா, கோதுமையின் குளூட்டன், மீன், இறால் நண்டு வகை ஆகியவற்றில் எது சேர்ந்திருக்கிறது என்று குறித்திருப்பார்கள். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் இந்த மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 2: ஐட்டத்தைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்

எந்தப் பெயராக இருந்தாலும் அதற்குள் நான்கு பகுதிதான்: வெளியே ஒரு ரொட்டி, உள்ளே ஒரு வஸ்து, கூடவே காய்கள், மேலே சாஸ். உதாரணத்துக்கு டாக்கோ பெல் மெனுவை எடுத்துக்கொள்வோம், பெயர்கள் அதிகம் மிரட்டுவது அங்கேதான்.

டாக்கோ என்பது மக்காச்சோள மாவில் செய்து பொரித்த, நடுவில் மடிந்த மொறுமொறு ஓடு. மைதாவில் செய்த மெத்தென்ற வகையும் உண்டு. புரிட்டோ என்றால் பெரிய மைதா ரொட்டிக்குள் சாதம், பீன்ஸ், காய் எல்லாம் வைத்து முனைகளை மடித்துச் சுருட்டியது. கேசடியா, ரொட்டியை மடித்து நடுவில் சீஸ் உருகும்வரை சூடாக்கியது. நாச்சோஸ் வெறும் சோளச் சிப்ஸ், மேலே சீஸ் சாஸ். உள்ளே வரும் பின்டோ பீன்ஸ் நம் ராஜ்மா வகையறாதான்; வேகவைத்து மசித்து வைத்திருப்பார்கள். ஆக, உருளைக்கிழங்கு டாக்கோ ஒன்று வாங்கினால் உங்களுக்கு உண்மையிலேயே புதியது அந்த ஓடும் சாஸும் மட்டும்.

(இதைச் சாப்பிட்டுவிட்டு மெக்சிகோ உணவைச் சாப்பிட்டதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். டாக்கோ பெல் 1962இல் கலிஃபோர்னியாவில் கிளென் பெல் தொடங்கிய அமெரிக்கக் கடை. மெக்சிகோக்காரர்கள் சாப்பிடும் டாக்கோ பெரும்பாலும் மெத்தென்ற ரொட்டியில் வருவது.)

இப்போது விதி: நான்கில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு. ஆலு டிக்கி பர்கர் பழக்கம் என்றால் அடுத்தது உருளைக்கிழங்கு டாக்கோ. அது பிடித்தால் அதே டாக்கோவில் பீன்ஸ். எடுத்த எடுப்பில் நான்கும் புதிதாக இருக்கிற ஐட்டத்தை வாங்கினால், பிடிக்காதபோது எது பிடிக்கவில்லை என்றே தெரியாது.

இன்னொரு சுலபமான அடையாளமும் உண்டு. சங்கிலிக் கடைகளின் இந்திய மெனுவில் இரண்டு ரகம் கலந்திருக்கும். மெக்டொனால்ட்ஸின் ஆலு டிக்கி பர்கர், சப்வேயின் பனீர் டிக்கா போன்றவை நம் நாக்குக்காகவே செய்தவை. ஃபிலே ஓ ஃபிஷ் மாதிரியானவை வெளியிலிருந்து அப்படியே வந்தவை. அந்த மீன் பர்கரே 1962இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்க வாடிக்கையாளர்களுக்காக ஒரு கடைக்காரர் கண்டுபிடித்தது. மசாலா இருக்காது, காரம் இருக்காது. அதன் டார்டர் சாஸ் லேசான புளிப்பு மட்டும். மீன் வறுவலை நினைத்துக்கொண்டு வாங்கினால் சப்பென்றிருக்கும். முதல் ரகத்தில் தொடங்கி இரண்டாவதற்குப் போவதுதான் நல்லது.

படி 3: சாஸ்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். “காரமா இருக்குமா?” என்று கேட்டுத்தான் பெரும்பாலோர் ஆர்டர் செய்கிறார்கள். நம் ஊர் ஆளுக்குக் காரம் ஒரு பிரச்சினையே இல்லை. எதிர்பாராத இனிப்பும் எதிர்பாராத புளிப்பும்தான் முகத்தைச் சுளிக்க வைக்கும்.

இனிப்புப் பக்கம் இருப்பவை: டெரியாக்கி (சோயா சாஸும் சர்க்கரையும் சேர்ந்த ஜப்பானிய வகை), பார்பெக்யூ (தக்காளி, வெல்லப்பாகு, வினிகர், புகை வாசனை), ஸ்வீட் ஆனியன், ஹனி மஸ்டர்ட். சிக்கன் டெரியாக்கி வாங்கிவிட்டு “என்னங்க இது, சிக்கன்ல சர்க்கரை போட்டிருக்காங்க” என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் சுவையே அதுதான். கூடக் கொஞ்சம் ரெட் சில்லி சாஸ் சேர்க்கச் சொன்னால் நம் நாக்குக்குச் சரியாகிவிடும்.

மஸ்டர்ட் தனி ரகம். தாளித்த கடுகை நினைக்காதீர்கள். ஆவக்காய் ஊறுகாயில் அரைத்த கடுகு மூக்கில் ஏறுமே, அந்த ரகம், கூடவே வினிகர் புளிப்பு. ஆவக்காய் பிடிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும் என்பது என் கணிப்பு.

சிப்போட்லே என்பது பழுத்த ஹாலபேன்யோ மிளகாயைப் புகையில் உலர்த்திச் செய்தது. கடைகளில் அது மயோனைஸோடு கலந்துதான் வரும், அதனால் காரம் மட்டுப்பட்டுப் புகை வாசனை முன்னே நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏமாற்றுவதில்லை. பெரி பெரி, பறவைக்கண் மிளகாய், பூண்டு, எலுமிச்சை சேர்ந்தது. போர்ச்சுக்கீசியர் வழியாக மொசாம்பிக் பக்கம் உருவானது. இங்கே அது பெரும்பாலும் ஃப்ரைஸுக்கான பொடியாகக் கிடைக்கிறது. காகிதப் பையில் போட்டுக் குலுக்கும்போது பாதிப் பொடியை மட்டும் கொட்டுங்கள். உப்பு தூக்கலாக இருக்கும், மீதி வேண்டுமானால் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

மயோனைஸ் பற்றி ஒரு வார்த்தை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது, கிருமித் தொற்று அபாயம் காரணமாக. முட்டையில்லாத வகை அந்தத் தடைக்குள் வரவில்லை. சந்தேகமாக இருந்தால் கவுன்டரில் கேளுங்கள்.

சாஸைச் சோதிக்கச் சுலபமான வழி: சின்ன ஃப்ரைஸ் ஒன்று வாங்கி, சாஸைத் தனியாகக் கேட்டு, ஒரு துண்டைத் தொட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்குக்குத் தனிச் சுவை அவ்வளவாக இல்லாததால் சாஸின் சுவை அப்படியே தெரியும்.

படி 4: கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள்

வார நாள், மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள். ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் கவுன்டரில் நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் உங்களிடம் நின்று விளக்கிச் சொல்ல நேரமிருக்காது. கொலைப் பசியோடும் போகாதீர்கள். பசியில் எல்லாமே ருசிக்கும், அல்லது எதுவுமே போதாது. பெயரை உச்சரிக்கக் கூச்சமாக இருந்தால் தொடுதிரை இயந்திரம் இருக்கும் கடையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் போனில் படத்தைக் காட்டி “இது ஒண்ணு” என்றால் போதும். அவர்களும் அந்தப் பெயர்களை ஆளுக்கு ஒரு விதமாகத்தான் சொல்கிறார்கள்.

படி 5: கவுன்டரில் என்ன பேசுவது

நீள ரொட்டியில் சாண்ட்விச் செய்து தரும் சப்வேயை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் கேள்வி மேல் கேள்வி வரும். வரிசையை முன்பே தெரிந்துகொண்டால் பதற்றம் இல்லை.

முதலில் அளவு: ஆறு அங்குலமா, ஒரு அடியா. ஆறு அங்குலம், யோசிக்கவே வேண்டாம். அடுத்து ரொட்டி, மல்டிகிரெய்ன் அல்லது சாதாரண இத்தாலியன், இரண்டும் பாதுகாப்பானவை. பிறகு உள்ளே என்ன என்பது. சீஸ் போடவா என்று கேட்டால், அதற்குத் தனி விலை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டோஸ்ட் பண்ணவா என்றால் ஆமாம் என்று சொல்லுங்கள். டோஸ்ட் செய்யாத ரொட்டி முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்குச் சவசவ என்றிருக்கும்.

அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் காய்த் தட்டுகள். கீரை மாதிரி நறுக்கியிருப்பது லெட்யூஸ். வெள்ளரி, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் தெரிந்தவை. பிரச்சினை மற்ற மூன்றில். கறுப்பு வளையங்கள் ஆலிவ்: உப்பு, லேசான கசப்பு. பச்சை வளையங்கள் ஹாலபேன்யோ: வினிகரில் ஊறியது, நம் பச்சை மிளகாயைவிடக் காரம் குறைவு, புளிப்பு அதிகம். ஊறுகாய் போட்ட சின்ன வெள்ளரித் துண்டுகள் கெர்கின். (தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏற்றுமதிக்காக நிறையவே பயிராகிறது, நாம்தான் சாப்பிடுவதில்லை.) இந்த மூன்றையும் “வேணாம்” என்று ஒதுக்காமல், “ரெண்டு ரெண்டு மட்டும், ஒரு ஓரமா வைங்க” என்று சொல்லுங்கள். பிடித்தால் ரொட்டியோடு போகும், பிடிக்காவிட்டால் விரலால் எடுத்துப் போட்டுவிடலாம்.

கடைசியில் சாஸ். இரண்டுக்கு மேல் வேண்டாம், ஒன்று இனிப்பு, ஒன்று காரம். மூன்று நான்கு சேர்ந்தால் எந்தச் சுவையும் தெரியாது, ரொட்டியும் ஊறிப்போகும். பாட்டிலைக் கையில் எடுக்கும்போதே “கொஞ்சமா போடுங்க தம்பி” என்று சொல்லிவிடுங்கள். கோடு போட ஆரம்பித்த பிறகு சொன்னால் பயனில்லை. சைவர்கள் கையுறையை மாற்றச் சொல்லலாம், வேறு கத்தியால் வெட்டச் சொல்லலாம். அது ஒன்றும் அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, தினமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: மீல் வேண்டாம்

பில் போடும்போது “மீலா மாத்திடலாமா?” என்ற கேள்வி, அதாவது கூடவே ஃப்ரைஸும் குளிர்பானமும் சேர்த்துவிடலாமா என்பது, கட்டாயம் வரும். புதிய ஐட்டம் வாங்கும் அன்று வேண்டாம் என்று சொல்லுங்கள். தனி ஐட்டம் ஒன்று போதும். இரண்டு பேர் போனால் ஒருவர் பழகியதை வாங்கட்டும், மற்றவர் புதியதை, பாதிப் பாதி. குழந்தைகளோடு போகிறவர்கள் அவர்களுக்கு வழக்கமானதையே வாங்கிக் கொடுத்துவிட்டு, உங்களுடையதிலிருந்து ஒரு வாய் தாருங்கள். பசியோடு இருக்கும் பிள்ளை முன் தெரியாத தட்டை வைத்தால் அன்றைய மாலை அவ்வளவுதான்.

படி 7: சாப்பிடும் விதம்

சூடு ஆறுவதற்குள் தொடங்குங்கள். படம் எடுப்பது அப்புறம். மொறுமொறு டாக்கோவை நேராகப் பிடித்து, தலையைச் சாய்த்து ஓரத்திலிருந்து கடிக்க வேண்டும். டாக்கோவைச் சாய்த்தால் உள்ளே இருப்பது மடியில். அடியில் காகிதத்தை விரித்துக்கொள்ளுங்கள், ஓடு எப்படியும் உடையும், உடைந்ததை அள்ளிச் சாப்பிடுவதில் வெட்கமில்லை. புரிட்டோவையும் சப்வே சாண்ட்விச்சையும் சுற்றியிருக்கும் தாளை முழுக்கப் பிரிக்காமல், கடிக்கக் கடிக்கக் கீழே இறக்குங்கள். முதல் வாயில் முடிவு செய்ய வேண்டாம். ரொட்டி, காய், சாஸ் எல்லாம் சேர்ந்து வருவது இரண்டாவது மூன்றாவது வாயில்தான். பிடித்ததா, எந்த சாஸ் என்று போனில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். சிறிது காலத்துக்கு மட்டும் விற்கும் ஐட்டங்கள் திடீரென்று காணாமல் போகும், அப்போது அதே சாஸ் வேறு எதில் வருகிறது என்று தேட இந்தக் குறிப்பு உதவும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

மேலே சொன்னது எல்லாம் இந்தியக் கிளைகளுக்கு. பெயர்ப் பலகை ஒன்றாக இருந்தாலும் வெளிநாட்டில் உள்ளே இருப்பது வேறு. இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ விற்பதில்லை. வெளியே சாதாரணமாக பர்கர் என்றாலே மாட்டிறைச்சிதான். பெப்பரோனி என்றால் வழக்கமாகப் பன்றியும் மாடும் கலந்தது. ஃப்ரைஸ் ஆவது சைவம்தானே என்றும் நினைத்துவிட முடியாது. அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்கிறது. இதை மறைத்ததாக 2001இல் அங்கே வழக்குத் தொடர்ந்தார்கள்; நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, 2002இல் ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் விற்கும் ஃப்ரைஸ் சைவம். அதனால் வெளிநாட்டில் படி 1ஐ மட்டும் தவறவிடாதீர்கள்: எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டு இணையதளத்தில் சேர்மானப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகே வரிசையில் நில்லுங்கள்.