பேனர் விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன்

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் கூகுளில் பேனர் விளம்பரம் கொடுப்பதானால், முதலில் இட அமைப்பை, அதாவது விளம்பரம் எந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற செட்டிங்கை, திறந்து பார்க்க வேண்டும். ஊரில் இருப்பவர்களோடு, ஊர்மீது ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களையும் அது தானாகவே சேர்த்து வைத்திருக்கும். நேரில் வருபவர்களை நம்பிய வியாபாரம் என்றால் ‘இருப்பவர்கள்’ மட்டும் போதும். கோபி, பெருந்துறையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கைப்பேசிக்கு 320×50, 300×250 பிக்சல் என்ற இரண்டு அளவிலும் படம் தயார் செய்யுங்கள். கோப்பு 150 கேபியைத் தாண்டக் கூடாது. 320×50 என்பது ஒல்லியான பட்டை. கடைப் பெயரும் ‘பவானி ஜமக்காளம், மொத்த விலையில்’ என்ற ஒரு வரியும்தான் அதில் நிற்கும். முதலாளி படம், குலதெய்வம், நான்கு தொலைபேசி எண்கள் எல்லாம் ஃபிளெக்ஸ் போர்டோடு இருக்கட்டும். தட்டினால் நேராக ஜமக்காளப் பக்கமே திறக்க வேண்டும். விளம்பரம் தெரியும் இடங்களிலிருந்து விளையாட்டுச் செயலிகளை விலக்கிவிடுங்கள்; குழந்தைகள் தெரியாமல் தட்டுவதற்கும் காசு போகும்.