நாற்றங்கால் ஒரு பக்கம், நடவு ஒரு பக்கம்: இரண்டு சாக்கெட் சர்வரில் மெமரி இருக்கும் இடம் பார்த்து கோர் தேர்வது

சம்பா நடவுக்கு நாற்றங்காலை வயலை ஒட்டித்தான் விடுவார்கள். தள்ளி விட்டால் நட வந்த ஆள் நாற்று முடி சுமந்தே பொழுதைக் கழிப்பார். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரி லேபில் வெண்ணாற்று நீரோட்ட மாடல் 32 கோரில் ஓடியும் 16 கோர் வேகமே வருகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் சுமையைத்தான்: கணக்குப் போடும் கோர் (ஆள்) ஒரு பக்கம், அதன் டேட்டா (நாற்று) கிடக்கும் ரேம் இன்னொரு பக்கம்.

ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் (பல கோர் கொண்ட ஒரு ப்ராசஸர் சிப் அமரும் இடம்) தனக்கென ரேம் உண்டு. ஒரு சாக்கெட்டும் அதன் ரேமும் சேர்ந்தது ஒரு நோட். அடுத்த நோட்டின் ரேமைத் தொட நேரம் கூடும்; இந்த அமைப்புக்குப் பெயர்தான் நியூமா. லினக்ஸில் 'நியூமாசிடிஎல்' கட்டளையை 'ஹார்ட்வேர்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். கடைசியில் வரும் தூர அட்டவணையில் தன் நோட்டுக்கு 10, அடுத்ததற்கு 20 அல்லது 21 என்று இருக்கும். இது நானோ செகண்ட் அல்ல, வெறும் ஒப்பீடு. இரண்டு சாக்கெட் இருந்தும் ஒரே நோட் தெரிந்தால், பயாஸில் நோட் இன்டர்லீவிங் (இரண்டு பக்க ரேமையும் கலந்து ஒன்றாகக் காட்டுவது) ஆனில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அணையுங்கள். ஒரு நோட்டில் 0 எம்பி என்றால் ரேம் எல்லாம் ஒரே சாக்கெட் பக்கம் செருகியிருக்கிறது. பாதியை மாற்றிச் செருகாமல் கீழே சொல்வது எதுவும் பலிக்காது.

இனி முக்கியமான சங்கதி. மெமரி கேட்கும்போது லினக்ஸ் வெறும் முகவரியைத்தான் தருகிறது. எந்தக் கோர் ஒரு பேஜில் (லினக்ஸ் மெமரியைப் பிரிக்கும் சிறு துண்டு) முதலில் எழுதுகிறதோ, அதன் நோட்டில்தான் நிஜ ரேம் ஒதுங்கும். மெயின் த்ரெட் (ப்ரோகிராம் தொடங்கும் முதல் ஓட்டம்) ஒன்றே முழு அரேயையும் பூஜ்யமாக்கிவிட்டால் மொத்த நாற்றும் ஒரே வயலில்தான். 'ப்ராக்' அடைவில் உங்கள் ப்ராசஸ் எண்ணுக்குள் இருக்கும் 'நியூமா_மேப்ஸ்' கோப்பைத் திறந்தால் இப்படி ஒரு வரி கண்ணில் படும்:

அனான்=2097152 டர்ட்டி=2097152 என்0=2097152 கர்னல்பேஜ்சைஸ்_கேபி=4

4 கேபி பேஜ் 2097152, அதாவது 8 ஜிபி. அத்தனையும் நோட் 0. என்1 என்ற பேச்சே இல்லை. இதற்கு மருந்து கோடில்தான்: கணக்குப் போடும் லூப் எப்படிப் பிரிகிறதோ, அதே பிரிவில் த்ரெட்டுகளே தங்கள் பங்கை முதலில் எழுதட்டும். ஓபன்எம்பி (லூப்பைப் பல த்ரெட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) என்றால் இரண்டு லூப்புக்கும் ஸ்டாட்டிக் ஷெட்யூல் (பங்கு மாறாத பிரிவு) கொடுத்து, த்ரெட்டுகள் கோர் மாறாமல் பைண்டும் செய்யுங்கள்.

கோடில் கை வைக்க முடியாதா? வேலை ஒரு நோட்டின் ரேமுக்குள் அடங்கினால் 'நியூமாசிடிஎல்' கட்டளையில் 'சிபியுநோட்பைண்ட்' (எந்த நோட்டின் கோர்), 'மெம்பைண்ட்' (எந்த நோட்டின் ரேம்) இரண்டையும் ஒரே எண்ணோடு கொடுங்கள். அடங்காவிட்டால் 'இன்டர்லீவ்': பேஜ்களை நோட்டுகளில் மாறி மாறிப் போடும், எல்லோருக்கும் சுமாரான தூரம், அவ்வளவுதான். 'மெம்பைண்ட்' கண்டிப்பானது: அந்த நோட் நிரம்பினால், பக்கத்தில் ரேம் காலியாகக் கிடந்தாலும் ஸ்வாப்புக்குப் போகும், இல்லையேல் கர்னல் ப்ராசஸையே கொன்றுவிடும். சந்தேகமிருந்தால் 'ப்ரிஃபர்டு' போதும், நோட் நிரம்பினால் அடுத்ததற்குப் போய்விடும். 'டாஸ்க்செட்' கட்டளை ஆளை மட்டும்தான் நகர்த்தும், நாற்றை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் பேஜ்களை நகர்த்த 'மைக்ரேட்பேஜஸ்' கட்டளை இருக்கிறது.

கர்னலே பார்த்துக்கொள்ளாதா என்றால், ஓரளவு பார்த்துக்கொள்ளும். தானியங்கி நியூமா பேலன்சிங்குக்கு லினக்ஸ் கர்னல் 3.8இல் அடித்தளம் போட்டார்கள், 3.13இல் வெகுவாகத் தேறியது. பேஜ்களை அவ்வப்போது தொடமுடியாதபடி செய்து, எந்தக் கோர் வந்து தட்டுகிறது என்று பார்க்கும். அதை வைத்துப் பேஜையோ த்ரெட்டையோ நகர்த்தும். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் ஒரு பேஜ் ஃபால்ட், அதாவது கர்னல் குறுக்கிடும் சிறு தடங்கல். மணிக்கணக்கில் ஓடும் வேலைக்கு நல்லது. ஓரிரு நிமிட வேலைக்கு அது கற்று முடிப்பதற்குள் வேலையே முடிந்துவிடும்.

எல்லாம் சரியாகக் கட்டியும் சில நாள் காலையில் மட்டும் வேகம் விழும். இரவு ஓடிய பேக்கப் நோட் 0-ஐ ஃபைல் கேஷால் (படித்த கோப்புகளை ரேமில் வைத்திருக்கும் நகல்) நிரப்பியிருக்கும். வழக்கமான அமைப்பில் கர்னல் அந்தக் கேஷைக் காலி செய்வதற்கு முன் அடுத்த நோட்டில் இடம் எடுத்துவிடும். 'நியூமாஸ்டாட்' கட்டளை காட்டும் 'நியூமா_மிஸ்' எண் ஏறிக்கொண்டே போனால் இதுதான். வேலை தொடங்குமுன் கேஷைக் காலி செய்யுங்கள், அல்லது பேக்கப்பை நோட் 1-இல் கட்டுங்கள்.