கேபின் ஃபில்டர்: மாற்றத் தெரிந்தவர்களும் செய்யும் தவறுகள்

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைத் தப்பாக மாற்றினாலும் கார் ஓடும். சிக்கலே அதுதான். பிரேக் பேடைத் தப்பாகப் போட்டால் அன்றைக்கே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இது மாதக்கணக்கில் வாயே திறக்காது, ஏர்கானும் குளிரும். பெரும்பாலான கார்களில் ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாத வேலை என்பதால், தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சனிக்கிழமை காலையில் வாசலில் வைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பலரும் செய்யும் முதல் தப்பு, கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது. 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று பல கார்களின் கையேட்டில் இருக்கும். அதை எழுதியவருக்கு நம் ஊர்க் கரும்புத் தோட்டம் தெரியாது. டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கும் வெட்டு டிசம்பர் வரை போகும். வெட்டுவதற்கு முன்னால் தோகையைக் கொளுத்துவார்கள். கொடியில் காயும் வெள்ளைத் துணியில் வந்து விழுகிறதே, அதே கரித்தூள்தான் ஃபில்டரிலும் போய் உட்காருகிறது. இந்த வடகரையில் இருப்பவர்கள் ஜனவரியில் மாற்றுவது நல்லது. ஜூனில் புது ஃபில்டர் போட்டால், போட்ட கையோடு கரியைத் தின்னக் கொடுத்த மாதிரிதான். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மழையில்லாத குளிர்காலமும், ஆகஸ்டு காற்றில் சுரங்க மண்மேடுகளிலிருந்து கிளம்பும் புழுதியும்தான் எதிரி. முதல் மழை விழுந்த பிறகு மாற்றினால் போதும்.

அடுத்தது, ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடுவது. பானெட்டுக்குள் கறுப்புப் பெட்டியில் இருப்பது எஞ்சினுக்கான ஃபில்டர். அதை மாற்றிவிட்டு ஏர்கான் இன்னும் நாறுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. கேபின் ஃபில்டர் பொதுவாக, முன்சீட்டுப் பயணிக்கு எதிரே சாமான் போடும் பெட்டியான கபிஹோலுக்குப் பின்னால் இருக்கும். டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் செய்த டொயோட்டா கொரோல்லா க்வெஸ்ட் அப்படித்தான். ஆனால் பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லினில் செய்த பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸில், ஈ46, ஈ90 தலைமுறைகளில், அது பானெட்டுக்கு அடியில், விண்ட்ஸ்கிரீன் ஓரத்தில் இருக்கும். கையேட்டை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். சில மலிவு மாடல்களில் இடம் மட்டும் விட்டிருப்பார்கள், உள்ளே ஃபில்டரே இருக்காது.

கபிஹோலைக் கழற்றும்போது பலத்தைக் காட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் அதை மெதுவாக இறக்கும் சின்னக் கை ஒன்று இருக்கும். அதை முதலில் விடுவிக்க வேண்டும். அப்புறம் பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உள்ளே அழுத்தினால் தானாகக் கீழே தொங்கும். பத்து வருடம் வெயிலில் நின்ற காரின் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று இருக்கும், அழுத்தும் கையில் நிதானம் வேண்டும். அந்த இடத்தில் மஞ்சள் நிற வயரோ கனெக்டரோ தெரிந்தால் தொடவே வேண்டாம், அது ஏர்பேக்குடையது.

காற்றை ஊதும் புளோயரை ஓடவிட்டபடி ஃபில்டரை இழுப்பது படு மோசமான வேலை. டர்பன் தெருக்களில் மயில்கொன்றை மரத்துக்கா பஞ்சம்? அதன் பொடி இலைகள் விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக இறங்கி ஃபில்டர் மேல் குவிந்துகிடக்கும். இழுக்கும்போது சாய்த்தால் அத்தனையும் புளோயருக்குள் போய், அப்புறம் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். இக்னிஷனை அணையுங்கள், ஃபில்டரைப் படுத்த வாக்கிலேயே வெளியே எடுங்கள், காலி இடத்தில் வேக்குவத்தின் குழாயை விடுங்கள். இலை அவ்வளவு இருந்தால் வெளியே அந்தச் சல்லடையையும் சுத்தம் செய்யுங்கள். அங்கே வடிகால் அடைத்தால் மழைத்தண்ணீர் காருக்குள் வந்துவிடும்.

சரி, அம்புக்குறி. எல்லோரும் குழம்புவது இங்கேதான். சில ஃபில்டரில் காற்று போகும் திசைக்கு அம்பு போட்டிருப்பார்கள், சிலவற்றில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்கு. காற்று மேலிருந்து கீழே இறங்கும் காரில் இந்த இரண்டும் எதிரெதிர் திசையைக் காட்டும். பழையது எப்படி இருந்ததோ அப்படியே வைப்பேன் என்பதும் ஆபத்து, ஏனென்றால் முன்னால் மாற்றியவரே தப்பாக வைத்திருக்கலாம். ஃபில்டரை எப்படி வைத்திருந்தாலும் காற்றின் திசை மாறுவதில்லை, ஆகவே அழுக்கைப் பாருங்கள். கரியும் இலையும் படிந்த பக்கம்தான் காற்று நுழையும் பக்கம். புது ஃபில்டரின் காற்று அம்பு அந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கம் நோக்க வேண்டும்.

கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவது நம்மவர்களின் சிக்கனம். மடிப்பு மடிப்பாக இருக்கும் சாதாரண ஃபில்டருக்கு அது பொருந்தாது. நுண்துகளைப் பிடித்து வைக்கப் பல ஃபில்டர்களின் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், கழுவினால் அது குறைந்துவிடலாம். டர்பன் ஈரக்காற்றில் உள்மடிப்பு முழுசாகக் காய்வதும் சந்தேகம். பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்தது போலாகும். கம்ப்ரஸர் காற்றால் அடித்தாலும் இழை கிழியும். கழுவலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தால் மட்டும் கழுவுங்கள்.

வாடையையும் பிடிக்கும் கார்பன் ஃபில்டர் எல்லோருக்கும் தேவையில்லை. தெற்கு டர்பனின் மெரிபேங்க் மாதிரி தொழிற்சாலைகளை ஒட்டி வாழ்பவர்களுக்கும், தினம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்பவர்களுக்கும் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வாங்கும்போது விலையைவிட அளவைப் பாருங்கள். ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மூடியின் கிளிப் சரியாக உட்காராவிட்டாலும் இதே கதைதான், கூடவே விசில் சத்தமும் வரும்.

புது ஃபில்டர் போட்டும் ஏர்கான் போட்டவுடன் ஈரத்துணி வாடை வந்தால், குற்றம் ஃபில்டர் மேல் இல்லை. குளிரூட்டும் எவாப்பரேட்டரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதற்கு வாசனைத் தைலத்தை ஃபில்டரில் தெளிப்பதில் பயனில்லை. எவாப்பரேட்டருக்கென்றே விற்கும் நுரை ஸ்ப்ரேயைப் பயன்படுத்த வேண்டும். வீடு சேர நாலைந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை மட்டும் அணைத்து ஃபேனை ஓடவிட்டால் அந்த ஈரம் ஓரளவு காய்ந்துவிடும். அதே போல, கரும்பு எரியும் புகையைக் கடக்கும்போது வெளிக்காற்றை அடைத்து உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும் உள்காற்றுப் பொத்தானைப் போடுங்கள். தாண்டியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மழை நாளில் கண்ணாடியெல்லாம் பனி மூடிவிடும்.