31 சதவீதத்தில் நிற்கும் வீடியோ: கடைமடை இணையத்துக்கு அப்லோடு அமைப்பது எப்படி?

திருத்துறைப்பூண்டி பக்கம் அத்தானுக்கு வயல். போன கார்த்திகை மழையில் சம்பா மூழ்கியபோது, ஊர்க்காரர்கள் பயிர்ச் சேத வீடியோக்களை ஒரே இடத்தில் போட்டு வைக்கட்டும் என்று சின்னதாக ஒரு தளம் செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் போன். "மாப்ள, வயல்ல தண்ணியே வடிஞ்சிடும் போல, உன் சைட்ல வீடியோ ஏற மாட்டேங்குது. முப்பத்தொண்ணுல நின்னுடுது." டவரைத் திட்டிவிட்டு வைத்தேன். தப்பு டவர் மேல் இல்லை.

படி 1: கணக்கு

ஸ்பீடு டெஸ்ட்டில் பெரிதாகத் தெரிவது டவுன்லோடு. நமக்கு வேண்டியது அப்லோடு. அதுவும் மெகாபிட்டில் இருக்கும். ஃபைல் அளவோ மெகாபைட்டில் (எம்பி). ஒரு பைட்டுக்கு எட்டு பிட், அதனால் எட்டால் பெருக்க வேண்டும். அத்தான் வீட்டில் அப்லோடு விநாடிக்கு 1 மெகாபிட். வீடியோ 24 எம்பி. ஆக 192 விநாடி, மூன்று நிமிடத்துக்கும் மேல்.

படி 2: சதவீதத்தை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

12 எம்பியில் இன்னொரு வீடியோவை ஏற்றச் சொன்னேன். அது 62-ல் நின்றது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் இரண்டும் நின்றது ஒரே நிமிடத்தில்! லைன் அறுந்தால் ஒரு தடவை 20 விநாடியில், ஒரு தடவை 140-ல் என்று கண்டபடி நிற்கும். எப்போதும் ஒரே விநாடியில் நின்றால் அது யாரோ வைத்த கெடு. என் ஹோஸ்டிங்கில் (தளம் ஓடும் வாடகை சர்வரில்) ஒரு கோரிக்கைக்கு, அதாவது பிரவுசர் ஒரு தடவை அனுப்பி முடிப்பதற்கு, மொத்தமே 60 விநாடி. முறைப்பாசனம் மாதிரிதான்: முறை முடிந்தால் ஷட்டர் இறங்கிவிடும், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியே கிடையாது.

சென்னையில் ஃபைபரில் சோதித்த எனக்கு இது கண்ணில் படவே இல்லை. நீங்களும் அப்படியென்றால், க்ரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி-க்குக் குறைத்துவிட்டு ஏற்றிப் பாருங்கள்.

படி 3: எந்தக் கெடு?

இரண்டு வகை உண்டு. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஃபைலை வாங்கும்போது வைக்கும் 60 விநாடி, இடைவெளிக்கான கெடு. நடுவில் அவ்வளவு நேரம் ஒன்றுமே வராவிட்டால்தான் துண்டிக்கும், சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தால் விட்டுவிடும். தளங்களை ஓட்டித் தரும் கூகுள் கிளவுட் ரன் சேவை வைப்பது மொத்தக் கோரிக்கைக்கான கெடு: நீங்கள் மாற்றாவிட்டால் 5 நிமிடம், 60 நிமிடம் வரை கூட்டலாம். பைத்தான் மொழியில் தளம் எழுதுகிறவர்கள் அதை ஓட்டும் குனிகார்ன் சர்வரையும் பாருங்கள், மாற்றாவிட்டால் அதன் கெடு 30 விநாடி.

பிழை எண் 504 வந்தால் நேரம் தாண்டிவிட்டது. 413 வந்தால் ஃபைல் அளவு தாண்டிவிட்டது. அது வேறு கதை.

கெடுவைக் கூட்டினால் போதாதா? இன்றைக்குப் போதும். நாளைக்கு ஒருவர் 200 எம்பியோடு வருவார்.

படி 4: சர்வர் வழியாக அனுப்பாதீர்கள்

அமேசான் எஸ்3 போன்ற சேமிப்பகத்துக்கு போனிலிருந்தே நேராக அனுப்பலாம். உங்கள் சர்வர் செய்வது ஒன்றுதான்: கையொப்பமிட்ட, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு முகவரியை போனுக்குக் கொடுப்பது. அது ஒரு நொடி வேலை, எந்தக் கெடுவும் அதைத் தொடாது.

அப்புறம் ஃபைலைத் துண்டு போடுங்கள். எஸ்3-ல் கடைசித் துண்டு தவிர மற்றவை குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும். 24 எம்பி என்றால் ஐந்து துண்டு. அத்தான் லைனில் ஒவ்வொன்றுக்கும் 40 விநாடி. நடுவில் கரண்ட் போய் டவர் படுத்தாலும் அந்த ஒரு துண்டை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும்.

இங்கே நான் இரண்டு இடத்தில் சறுக்கினேன். முகவரிக்கும் காலாவதி உண்டு. கோரிக்கை தொடங்கும் நேரத்தில்தான் அதைப் பார்ப்பார்கள்; தொடங்கிவிட்டால் பாதியில் வெட்ட மாட்டார்கள், ஆனால் அறுந்து திரும்பத் தொடங்கினால் கதவு சாத்தியிருக்கும். 5 நிமிடம் வைத்திருந்ததை ஒரு மணி நேரமாக்கினேன். இன்னொன்று, ஒவ்வொரு துண்டு ஏறியதும் எஸ்3 தரும் ஈடேக் என்ற அடையாளத்தைச் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒப்படைக்க வேண்டும். சேமிப்பகத்தின் கார்ஸ் அமைப்பில் (வேறு தளத்தின் பக்கம் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் விதிகள்) அதை வெளிக்காட்டச் சொல்லாவிட்டால் பிரவுசர் உங்களுக்குக் காட்டாது. ஒரு ராத்திரி போச்சு இதில்.

பாதியில் கைவிட்ட துண்டுகள் தானாக அழியாது, வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். 7 நாளில் அவற்றை அழிக்கும்படி சேமிப்பகத்தில் ஒரு விதி போட்டுவிடுங்கள்.