மணி கட்டியும் குருவி பிடிக்கிற பூனையை என்ன செய்வது?

போன பங்குனியில் ஒரு நாள், காலை ஆறு மணிகூட ஆகவில்லை, எங்கள் வீட்டுப் பூனை சங்கரா ஒரு தவிட்டுக்குருவியைக் கவ்விக்கொண்டு வந்து சமையலறை வாசலில் போட்டுவிட்டு, மளிகை வாங்கி வந்தவன் மாதிரி என் முகத்தைப் பார்த்தான். சங்கரா மீன் நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர். கடலூரில் பூனைக்கு மீன் பெயர் வைப்பதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கழுத்தில் மணி தொங்கிக்கொண்டிருந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஊரே கேட்கிறது, நான் கட்டியே விட்டேன், அப்படியும் குருவி செத்துப்போனது.

மணி ஏன் உதவவில்லை என்பது பூனை பதுங்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் புரியும். வயிறு தரையில் உரச, ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும். தலையும் கழுத்தும் அசையவே அசையாது, அதனால் மணியும் ஒலிக்காது. கடைசிப் பாய்ச்சலில்தான் கிணுங்கும், அதற்குள் காரியம் முடிந்திருக்கும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்விலும் மணியால் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. அதற்கு முன்னால் வந்த சில பிரிட்டிஷ் ஆய்வுகளில் மணி ஓரளவு உதவியிருக்கிறது, ஆகவே கட்டியிருந்தால் கழற்ற வேண்டாம். அதை நம்பிக் கதவைத் திறந்து விடாதீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் அம்மா சொன்னது, "வயித்துக்கு ஒழுங்கா போட்டா அது ஏன்டா குருவிய தேடுது?" அப்படி இல்லை. அன்றைக்குச் சங்கராவுக்கு வயிறு நிறையவே இருந்தது. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. சின்னச் சின்ன இரையாக நாள் முழுக்கப் பிடித்துப் பிழைத்த இனம் அது, முக்கால்வாசிப் பாய்ச்சல் குறி தப்பும், பசித்த பிறகு கிளம்பலாம் என்று இருந்தால் பட்டினிதான். அதனால் எதிரே எது துள்ளினாலும் உடம்பு தானாகப் பதுங்கிவிடும். குருவியோடு வந்த பூனையை அடிப்பதும் திட்டுவதும் இந்த விஷயத்தில் சுத்த வீண். ஐந்து நிமிஷம் முன்னால் செய்ததற்கும் உங்கள் கோபத்துக்கும் அது முடிச்சுப் போடாது, உங்களைப் பார்த்தால் பயப்படக் கற்றுக்கொள்ளும், அடுத்த குருவியைக் கொல்லைப்புறத்திலேயே வைத்துத் தின்றுவிட்டு வரும்.

அப்போ என்ன செய்வது? என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை நேரத்தைப் பிடித்தால் தீர்ந்துவிடுகிறது. விடிகிற நேரமும் பொழுது சாய்கிற நேரமும்தான் பூனையின் வேட்டை நேரம், குருவிகள் தரையில் இறங்கி மேய்வதும் அப்போதுதான் அதிகம். எனவே சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே, மறுநாள் எட்டு மணிக்கு மேல் வெளியே. துரத்திப் பிடித்து உள்ளே கொண்டுவர முடியாது, சாப்பாட்டை அந்த நேரத்துக்கு மாற்றுங்கள். நான் எவர்சில்வர் தட்டை ஸ்பூனால் மூன்று தடவை தட்டுவேன். பத்து நாளில் தெருக்கோடியில் இருந்தாலும் ஓடிவரப் பழகிவிட்டான், சாப்பிடும்போதே கதவைச் சாத்திவிடுவேன். முதல் வாரம் விடியற்காலையில் கதவைப் பிறாண்டிக் கத்துவான், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுங்கள், ஒரு நாள் பரிதாபப்பட்டுத் திறந்தால் கத்தினால் திறக்கும் என்று அவன் முடிவு செய்துவிடுவான். ராத்திரி உள்ளே இருக்க ஒரு பழைய டப்பில் சலித்த மணல் வேண்டும், தினம் அள்ளிப் போட வேண்டும்.

குஞ்சு பொரிக்கிற சமயம் இதுவும் போதாது. எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு கட்டும், என் நெஞ்சு உயரம்கூட இருக்காது. அந்தக் குஞ்சுகள் நன்றாகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும், சில நாள் செடிக்கடியில் தத்தித் தத்தித் திரியும், பூனைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. அந்த ஒரு வாரம் பத்து நாள் பூனை முழுநேரமும் வீட்டுக்குள்தான். கூடு இருப்பது தெரியாவிட்டாலும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் அணிலும் உங்களுக்குச் சொல்லிவிடும். ஏழெட்டுத் தவிட்டுக்குருவி ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் கத்தினால் பாம்பாக இருக்கும், இல்லாவிட்டால் உங்கள் பூனை. போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பசி வேறு என்று சொன்னேன், ஆனால் என்ன போடுகிறோம் என்பது கணக்கில் வருகிறது. அதே எக்ஸிடர் ஆய்வில் தானியம் கலக்காத, இறைச்சிப் புரதம் அதிகமுள்ள உணவு போட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நம் ஊர் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள், ஒரு பிடி சோறு, அதன் மேல் மீன் குழம்பு, ஓரமாக ஒரு தலை. பூனை சுத்த மாமிசப் பிராணி, அதற்குத் தேவையான டாரின் என்கிற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, சோற்றில் கிடையாது. உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன், கூடவே பூனைகளுக்கென்று விற்கிற முழுமையான உணவு என்று கலந்து கொடுங்கள். மத்தி மலிவாகக் கிடைக்கிறதே என்று தினம் மூன்று வேளையும் அதையே போட்டால் வைட்டமின் ஈ குறைந்து வேறு நோய் வரும். அப்புறம், உருட்டி உருட்டித் தீனி எடுக்கிற புதிர்ப் பந்து வாங்கிக் கொடுத்தால் பூனை பிஸியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். அந்த ஆய்வில் அப்படிச் சாப்பிட்ட பூனைகள் கொண்டுவந்த இரை 33 சதவீதம் கூடியிருக்கிறது!

விளையாட்டு கட்டாயம். தினமும் ஐந்து முதல் பத்து நிமிஷம் விளையாடியதிலேயே இரை 25 சதவீதம் குறைந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. கடைச் சாமான் தேவையில்லை, தென்னந்துடைப்பத்தில் நாலைந்து ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி, நுனியில் ஒரு முழக் கயிறு, கயிற்று முனையில் துணி முடிச்சு. இதை எப்படி ஆட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூனையின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டாதீர்கள், எந்தக் குருவியும் பூனையைத் தேடி வராது. விலகி ஓட வேண்டும், நாற்காலிக் காலுக்குப் பின்னால் ஒளிய வேண்டும், ஒரு நொடி நின்று துடிக்க வேண்டும். பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிக் குறி பார்ப்பான், அப்போது அவசரப்படாமல் பாய விடுங்கள். நாலைந்து தடவைக்கு ஒரு தடவையாவது பிடித்துக் கடித்து உதைக்கக் கிடைக்க வேண்டும், முடிந்த கையோடு சாப்பாடு. பதுங்கினான், பாய்ந்தான், பிடித்தான், தின்றான், படுத்தான் என்று வரிசை முழுமையாகிவிடும். லேசர் விளக்கில் பிடிக்க ஒன்றுமே இல்லாததால் எனக்கு அது பிடிப்பதில்லை. விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள், பூனை நூலை விழுங்கினால் குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை போகும்.

பறவைக்கென்றே இருக்கிற இன்னொரு வழி, பூனையின் கழுத்தில் பளிச்சென்ற நிறத்தில் அகலமான துணிப் பட்டை. பறவைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும், மணி ஒலிப்பதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும். எக்ஸிடர் ஆய்வில் இதைப் போட்ட பூனைகள் கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. எலி பிடிப்பதில் குறைவில்லை, நமக்கு அதுவும் நல்லதுதான். நான் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பருத்தித் துணியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு அங்குல அகலத்தில் சுருக்கு வைத்து உறை மாதிரி தைத்துத் தரச் சொன்னேன். தையல்கார அண்ணன் அளவைக் கேட்டுவிட்டு, "இன்னா தம்பி, பூனைக்குக் கல்யாணமா?" என்றார். முப்பது ரூபாய். அந்த உறைக்குள் நுழைகிற கழுத்துப்பட்டை இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் வகையாக இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம், இல்லாவிட்டால் முருங்கைக் கிளையில் மாட்டித் தொங்கிவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். முதல் இரண்டு நாள் சங்கரா கோபத்தில் பின்பக்கமாகவே நடந்தான், அப்புறம் மறந்துவிட்டான்.

தோட்டத்திலும் நாமே வலை விரித்து வைத்திருப்போம். வெயில் காலத்தில் குருவிக்குத் தண்ணீர் வைக்கிறோம், நல்ல காரியம், ஆனால் குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தால் பூனைக்குப் பந்தி போட்டது போல. சுற்றி ஒளிய இடமில்லாத உயரமான இடத்துக்கு மாற்றுங்கள், காக்காய்க்கு வைக்கிற சோற்றுக்கும் இதே கதைதான். கூடு இருக்கிற மரத்துக்கு, தென்னையில் எலி ஏறாமல் தகரம் சுற்றுவோமே, அதே மாதிரி ஆள் உயரத்தில் சுற்றிவிடலாம், பக்கத்துச் சுவரிலிருந்து தாவ வழியில்லாவிட்டால் நன்றாகவே பலன் தருகிறது.

புதுச்சேரியில் லாஸ்பேட்டை பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு வேலை சுலபம், பால்கனிக்குப் புறா வலை அடித்தால் பூனை கீழே விழுவதும் நிற்கும். தனி வீட்டுக்காரர்கள் திண்ணையையோ பின்கட்டையோ வலை போட்டு அடைக்கலாம், மீனவர் குப்பங்களில் பழைய நைலான் வலை கேட்டுப் பாருங்கள். தளர்வாகத் தொங்கவிட்டால் பாம்பும் குருவியும் பூனை நகமும் எல்லாம் அதில் மாட்டும், சட்டம் அடித்து விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள்.

கருத்தடை வேட்டையை நிறுத்தாது, ஆனால் ஊர் சுற்றுவது குறையும், செய்துவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் வருடா வருடம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் உயிருள்ள குருவியோடு வந்தால்? துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் இறுக்கிக் கடிக்கும். கோழித் துண்டு எதையாவது காட்டி விட வைத்து, பூனையை வேறு அறையில் பூட்டுங்கள். குருவியைத் துணியால் மெதுவாக மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். வெளியே காயம் தெரியாவிட்டாலும் பூனைப் பல் பட்டிருந்தால் அதன் வாயிலிருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும், சில மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் வேண்டும், அதனால் நேராகக் கால்நடை மருத்துவரிடம். பிழைத்தால் வீட்டில் கூண்டு வாங்கி வளர்க்கலாம் என்று பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். பூனை தொடாத குஞ்சு சும்மா கீழே கிடந்தால் பக்கத்துக் கிளையில் வைத்தாலே போதும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய், நான் வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன், கால் மணி நேரத்தில் புழுவோடு வந்துவிட்டது.