சுகர் உள்ளவருக்கு மனநல ஆலோசனை: எங்கே சறுக்குகிறோம்?

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, ‘என்னமோ ஆகப்போகுது’ என்ற பயம். இவற்றைக் கேட்டதுமே பேனிக் அட்டாக் என்று எழுதிவிடுகிறோம். எதிரில் இருப்பவர் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர் என்றால், அது சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லி உட்காரவைப்பதைவிட மோசமான தவறு இல்லை. முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் குவியலாக மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது சுமார் 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மீட்டர் கையில் இல்லாவிட்டால் சந்தேகத்தின் பேரிலேயே சர்க்கரை கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

பதற்றத்துக்கு என்று புரோப்ரனலால் எழுதும்போதும் இது நினைவில் இருக்கட்டும். ‘லோ’ ஆகும்போது, அதாவது சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் அந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வைதான் முக்கிய எச்சரிக்கையாக மிஞ்சும். இதை அவரிடம் சொல்லாமல் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது.

இதற்கு நேர் எதிரான ஆளும் வருவார். ஒரு முறை சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த பயத்தில், வேண்டுமென்றே சுகரை 250க்கு மேலேயே வைத்திருப்பவர். ‘படபடப்பு வந்தால் கண்டுகொள்ளாதீர்கள், தானாக அடங்கும்’ என்ற வழக்கமான பாடம் இவருக்கு ஆபத்து. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுங்கள்: நேரம், ‘லோவா பயமா’ என்ற அவருடைய ஊகம், மீட்டர் காட்டிய எண். ஊகத்தை எழுதிய பிறகுதான் விரலில் குத்த வேண்டும். இரண்டு வாரப் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்த அறிகுறி எதைக் குறிக்கிறது என்று பெரும்பாலும் அவருக்கே பிடிபடும். நாம் வாயால் சொல்லும் தைரியத்துக்கு அவ்வளவு பலன் இருக்காது.

அடுத்த சறுக்கல், அலுப்பை மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்வது. ‘ஊசி போட்டுப் போட்டு வெறுத்துப்போச்சு’ என்பவருக்கு வேலையில், பிள்ளைகளிடம், கிரிக்கெட்டில் எல்லாம் ஆர்வம் அப்படியே இருக்கலாம். அவருடைய வெறுப்பு நோயைச் சுமக்கும் சிரமத்தின் மேல்தான். மனச்சோர்வைக் கணிக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் களைப்பு, தூக்கம், பசி, கவனம் ஆகிய நான்கும் சுகர் ஏறினாலே கெடக்கூடியவை. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தவருக்குத் தூக்கக் கேள்வியில் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அதனால் மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் ஆர்வமின்மை, மனவருத்தம் பற்றிய முதல் இரண்டு கேள்விகளையும் தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவதையும் தனியாகப் பாருங்கள். நீரிழிவுச் சுமையை அளக்கவே பெய்டு (PAID) என்ற 20 கேள்வித் தாள் இருக்கிறது. அதில் 100க்கு 40 அல்லது அதற்கு மேல் வந்தால் சுமை அதிகம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையால் பெரிய பயன் இருக்காது. எந்தக் கேள்வியில் எண் உயர்ந்ததோ அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை எடுப்பவர் களைப்பு, மறதி என்றால், அந்த மாத்திரை குறைக்கக்கூடிய வைட்டமின் பி12 பரிசோதனை செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள்.

‘ஊசி ஒழுங்கா போடறீங்களா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்றுதான் பதில் வரும். ‘பலருக்கும் விட்டுப்போகும், உங்களுக்கு வாரத்துக்கு எத்தனை?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆபீஸ் கழிவறையில் நின்று போடும் கூச்சம், பெண் பார்க்க வருபவர்களிடம் மறைப்பது, பணத் தட்டுப்பாடு என்று காரணங்கள் பிறகு வரும். உடலில் இன்சுலின் சுரக்காத டைப் 1 நீரிழிவு உள்ள இளம்பெண்களில் சிலர் எடை குறையவே டோஸைக் குறைப்பார்கள். ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) உயர்ந்திருக்க, எடை இறங்கிக்கொண்டே வர, கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேர்வது) என்று அடிக்கடி அட்மிட் ஆனால் இதைச் சந்தேகியுங்கள். ‘நாளையிலிருந்து முழு டோஸ்’ என்று நாமாகச் சொல்லிவிடக் கூடாது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை சட்டென இறங்கினால் உடல் வீங்கும், விழித்திரைப் பாதிப்பும் நரம்பு வலியும் மோசமாகலாம். படிப்படியாக ஏற்றுவது நீரிழிவு மருத்துவரின் வேலை. தற்கொலை எண்ணம் இருந்தால் ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலினைப் பற்றியும் கேட்டாக வேண்டும். அதை அடியோடு அகற்ற முடியாது. நடப்பில் உள்ள ஒரு இன்சுலின் பேனா தவிர மற்றதை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்து, டோஸ் போடும்போதும் அவர் உடனிருக்கலாம்.

ஒலான்சபின், குளோசபின் ஆகிய மனநோய் மருந்துகளைத் தொடங்கினால் எடையும் சர்க்கரையும் ஏறக்கூடும். தொடங்கும் முன்பும் 4, 8, 12 வாரங்களிலும் எடை பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையை, ஏற்கெனவே சுகர் உள்ளவருக்கு 12 வாரம் வரை காத்திராமல் முதல் வாரங்களிலேயே அடிக்கடி பார்ப்பது நல்லது.

மனைவியையோ மகனையோ கூப்பிட்டு ‘நீங்கதான் பார்த்துக்கணும்’ என்று ஒப்படைப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. அன்றிலிருந்து வீட்டில் ஒரு போலீஸ் உருவாகிவிடுவார். கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் ‘உங்களுக்கு ஜாங்கிரி கூடாதே’ என்று குரல் வரும். மனிதர் தலையாட்டிவிட்டு, பிறகு தனியாகக் கடையில் நின்று நாலு சாப்பிடுவார். எந்த உதவி வேண்டும், எது வேண்டாம் என்று குடும்பத்தார் முன்னிலையில் அவரையே சொல்லவிடுங்கள். சேர்ந்து நடக்க வருவது சரி, தட்டில் இட்லி எண்ணுவது வேண்டாம் என்பார் ஒருவர்.

கடைசியாக, அப்பாயின்ட்மென்ட் நேரம். காலையில் கலப்பு இன்சுலின் (வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இரண்டும் கலந்தது) போட்டவருக்கு 12 மணிக்கு நேரம் கொடுத்து, பேச்சு சுவாரசியத்தில் 2 மணி வரை இழுத்தால் சர்க்கரை இறங்கும். நீளும்போல் இருந்தால் நடுவிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடச் சொல்லுங்கள்.